கதிரவனின் சிறுவெடிப்புகளும் அவற்றுக்கு இட்ட பெயர்களும்



இப்பொழிவின் தலைப்பைக் கண்டு, மொழியியல் படித்தவர்க்குக் கதிரவனிடம் என்ன வேலை என்று சிலர் எண்ணியிருக்கலாம். வானியற்பியல் நம் துறையன்று. அத்துறையார் எழுதியவற்றைப் படித்து அறிந்ததையே இங்குச் சொல்லப் போகிறோம். ஆயினும், கதிரவனின் வெளி வளிமண்டலத்தில் நிகழும் சிறுசிறு வெடிப்புகளைப் பற்றிப் படிக்கப் புகுந்தால், பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள் எதிர்ப்பட்டு வழிமறிக்கின்றன. குண்டு என்கிறார் ஒருவர். மீசை என்கிறார் மற்றொருவர். பாசறைத் தீ என்றும் நானோசுடர் என்றும் வேறு சிலர். இவற்றுள் சில, கண்டதைச் சொல்லும் பெயர்கள். சில, கருதியதைச் சொல்லும் பெயர்கள். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் தமிழுக்குக் கொண்டுவந்தால், வகுப்பறையில் பிழையான அறிவியல் வேரூன்றிவிடும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அதுதான்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். நம் கண்ணுக்குப் புலப்படும் ஞாயிற்றின் பரப்பு ஒளிக்கோளம். அதன் வெப்பநிலை ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ். அதன்மேல் நிறக்கோளம் என்னும் படலம். அதற்கும் மேலே மிக மெல்லிய இடைப்படலம். அதற்கப்பால் பல மில்லியன் கிலோமீட்டர் விரிந்து கிடப்பது ஒளிமுடி. 26 டிசம்பர் 2019 அன்று சிங்கப்பூரிலும் ஜொகூரின் தென்முனையிலும் வளையக் கிரகணத்தைக் கண்டவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். அன்று கண்டது ஒளிமுடியன்று. நிலவால் மறைக்க முடியாமல் எஞ்சிய ஒளிக்கோளத்தின் விளிம்பு. ஒளிக்கோளத்தின் ஒளியில் மில்லியனில் ஒரு பங்கு அளவே ஒளிமுடிக்கு உண்டு. ஆதலால், முழுக் கிரகணத்தின்போது மட்டுமே அது வெறுங்கண்ணுக்குத் தோன்றும்.

ஒளி குன்றிய இந்த ஒளிமுடியின் வெப்பநிலை ஒன்று முதல் இரண்டு மில்லியன் பாகை. அடுப்பை விட்டு விலகினால் சூடு குறைய வேண்டும். இங்கோ அடுப்பை விட்டு விலக விலகச் சூடு ஏறுகிறது. அதுவும் அந்த மெல்லிய இடைப்படலத்தைத் தாண்டும்போது திடுமென ஏறுகிறது. குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பம் தானாகப் பாய்வதில்லை. எனவே வேறு ஏதோ ஒரு வழியில் ஆற்றல் மேலே கொண்டு செல்லப்படுகிறது. அது எவ்வழி என்பது இன்னும் முழுமையாகத் தீராத சிக்கல். சிக்கல் என்னும் இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வேலை இருக்கிறது.

ஒளிமுடி இவ்வளவு சூடானது என்று எப்படித் தெரிந்தது? இங்கேதான் பெயரின் கதை தொடங்குகிறது. 18 ஆகஸ்ட் 1868 அன்று இந்தியாவின் குறுக்கே முழுக் கிரகணம் கடந்து சென்றது. பிரான்சு நாட்டு வானியலார் ஜான்சன் குண்டூரிலிருந்து கதிரவனின் விளிம்பொளியைப் பகுத்து ஆராய்ந்தார். அந்தக் காலத்து ஆய்வுகளில், அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு அகப்பட்டது. இங்கிலாந்தின் லாக்கியர் அதைப் புதிய தனிமம் என்று கருதினார். ஞாயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹீலியம் என்ற பெயர் பிறந்தது. பொருளைக் கையில் எடுக்குமுன்னரே பெயர் வந்துவிட்டது. 1895-இல் இராம்சே புவியிலேயே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து அந்த வளிமத்தைப் பிரித்தெடுத்தார். பெயருக்குப் பொருள் கிடைத்தது.

அடுத்த ஆண்டே, 1869-இல், அமெரிக்காவில் தோன்றிய முழுக் கிரகணத்தின்போது யங், ஹார்க்னஸ் என்னும் இருவர் ஒளிமுடியில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டனர். அதுவும் அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. முன்பு சென்ற வழியிலேயே மீண்டும் சென்று, அதற்குக் கொரோனியம் என்று பெயரிட்டனர். பல்லாண்டுகள் அப்பெயர் நூல்களில் உலவியது. பிறகு குரோட்ரியன், எட்லேன் ஆகியோரின் ஆய்வால் உண்மை வெளிப்பட்டது. அந்தப் பச்சைக் கோட்டை உமிழ்ந்தது நம் வீட்டுச் சட்டுவத்திலும் இருக்கும் இரும்பே! தன் 26 எதிர்மின்னிகளுள் 13-ஐ இழந்துவிட்ட இரும்பணு அது. அவ்வளவு எதிர்மின்னிகளை உதறித் தள்ள வேண்டுமானால் ஏறத்தாழ இரண்டு மில்லியன் பாகை வெப்பம் வேண்டும். இவ்வாறு கொரோனியம் என்ற தனிமம் மறைந்தது. அதனிடத்தில் ஒளிமுடிச் சூடு என்ற சிக்கல் வந்து அமர்ந்தது.

ஓராண்டு இடைவெளியில் கண்ட இரு கோடுகளிலிருந்து, ஒரே முறையில், இரு பெயர்கள் பிறந்தன. ஒன்றுக்குப் பொருள் இருந்தது, மற்றொன்றுக்கு இல்லை. பெயரின் ஓசையிலோ ஆக்கத்திலோ இவ்வேறுபாட்டைக் காண முடியாது. சொல்லாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை.

இனி வெடிப்புகளுக்கு வருவோம். 1917-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பணியாற்றிய பெர்டினாண்ட் எல்லர்மன், கரும்புள்ளிகளை ஒட்டிய பகுதிகளில் திடீரெனத் தோன்றிச் சில நிமிடங்களில் மறையும் ஒளித்துணுக்குகளைக் குறித்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவற்றுக்கு ‘கதிரவனின் ஹைட்ரஜன் குண்டுகள்’ என்று பெயரிட்டார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. இன்று ஹைட்ரஜன் குண்டு என்றதும் நம் நினைவுக்கு வரும் படைக்கலம் முதன்முதலாக வெடிக்கப்பட்டது 1952-இல்தான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே கதிரவனில் இருந்த பெயர் அது! ஹைட்ரஜன் தரும் செந்நிறக் கோட்டில் கண்டமையால் எல்லர்மன் அப்படி அழைத்தார். ஹைட்ரஜன் அணுக்கள் பிணைந்து வெடித்தன என்னும் பொருளில் அன்று. இன்று இப்பெயரை விளக்கமின்றி மாணவரிடம் சொன்னால் அவர் வேறொன்றையே புரிந்துகொள்வார். நல்லவேளையாக, ஆய்வாளர்களே இப்போது எல்லர்மன் குண்டுகள் என்று மாற்றி அழைக்கின்றனர்.

இதே நிகழ்வை 1950-களில் கிரைமியா வானாய்வகத்தில் ஆராய்ந்த உருசிய அறிஞர் செவெர்னி, மீசை என்றார். நகைப்பதற்கில்லை, அவர் பார்த்தது நிறமாலையை. ஹைட்ரஜன் கோட்டின் நடுப்பகுதி கருமையாகவே இருக்க, இரு பக்கங்களிலும் ஒளி நீண்டு பரவியிருந்தது. முறுக்கிவிட்ட மீசை போலத்தான் அது தோன்றும். அந்த மீசையில் ஓர் அரிய செய்தியும் ஒளிந்திருக்கிறது. நடுக்கோடு கருமை மாறாமல் இருப்பதற்குக் காரணம், வெடிப்பு தாழ்வான இடத்தில், ஒளிக்கோளத்தை ஒட்டி நிகழ்வதும், அதற்கு மேலுள்ள நிறக்கோளம் கலங்காமல் போர்வை போல மூடிக் கிடப்பதும் ஆகும். குண்டு என்ற பெயர் இதைச் சொல்லாது. மீசை என்ற பெயரைத் துருவினால் சொல்லும்.

தொல்காப்பியர் உவமையின் நிலைக்களங்களாக வினை, பயன், மெய், உரு என நான்கைக் கூறியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். ஒரு வானியல் நிகழ்வுக்கு இரு நாட்டார் இட்ட பெயர்களை இந்த நான்கில் வைத்துப் பார்த்தால், குண்டு வினையுவமம், மீசை மெய்யுவமம். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஓர் இலக்கண நூல், இன்றைய கலைச்சொற்களை ஆராயவும் கருவியாகிறது. ஆய்வு செய்யும் மாணவர் எவரேனும் இதை எடுத்து விரித்தால் மகிழ்வோம். 1968-இல் ஒரு தீநுண்மக் குடும்பத்துக்கு அதன் விளிம்புத் தோற்றம் கதிரவனின் ஒளிமுடியை நினைவூட்டியமையால் கொரோனா என்று பெயரிட்டதும் மெய்யுவமமே. 2020-இல் நம் நாட்டு இதழ்கள் அந்நோய்க்கிருமியைக் கோறனி நச்சில் என்று எழுதின. அதன்பின், கொரோனா என்ற சொல்லை அறிவியல் பாடத்தில் கேட்ட பிள்ளைகளுக்கு முகக்கவசமே நினைவுக்கு வந்தது. ஒளிமுடி என்ற தமிழ்ச் சொல் இருந்தும் பயன்படுத்தாமல் விட்டதன் விளைவு இது.

அடுத்து வந்த பெயர்களை விரைவாகக் கடப்போம். 1983-இல் புரூக்னர், பார்ட்டோ இருவரும் ஏவூர்தியில் வைத்து அனுப்பிய கருவியால் இடைப்படலத்தை ஆராய்ந்து, நொடிக்கு 100 கிலோமீட்டர் அளவு விரைவோடு வளிமம் பீறிடும் குறுநிகழ்வுகளைக் கண்டனர். அவற்றுக்கு வெடிநிகழ்வுகள் என்று வெறும் விளக்கப் பெயரே வழங்குகிறது. 1990-களில் சோஹோ விண்கலத்தின் கருவியொன்று மெல்லக் கூடிக் குறையும் ஒளித்திட்டுகளைக் காட்டியபோது, கண்சிமிட்டலை ஒட்டி அவற்றுக்குப் பெயர் வந்தது. பெயர் பல, ஆயினும் அவற்றுட் பலவற்றுக்கு அடிப்படைக் காரணம் ஒன்றே என்று கருதப்படுகிறது. அதனைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

ஒளிக்கோளத்தின் பரப்பு கொதிக்கும் கஞ்சி போன்றது. 1,000 கிலோமீட்டர் அளவுள்ள கொப்புளங்கள் எழுந்து, பத்து நிமிட அளவில் அடங்கிவிடும். இப்பரப்பில் காந்தப்புலக் கோடுகள் வேரூன்றி, வளைவுகளாக எழுந்து, ஒளிமுடிக்குள் புகுந்து மீண்டும் இறங்குகின்றன. அடியில் உள்ள கொதிப்பு இவ்வேர்களை அங்குமிங்குமாக இழுத்தலைக்கிறது. வேர் அலையும்போது மேலேயுள்ள கோடுகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொள்ளும். பின்னல் இறுக இறுக ஆற்றல் சேரும். ஓரளவுக்கு மேல் தாங்காதபோது கோடுகள் அறுந்து, வேறு முறையில் இணைந்துகொள்ளும். சேர்ந்த ஆற்றல் அக்கணத்தில் வெப்பமாகவும் விரைவாகவும் வெளிப்படும். இதற்குக் காந்த மீளிணைவு என்று பெயர். பெருஞ்சுடர்களும் சிறுவெடிப்புகளும் இவ்வாறே பிறக்கின்றன.

அமெரிக்க இயற்பியலார் யூஜின் பார்க்கர் 1988-இல், இந்தப் பின்னல்களில் ஓயாது நிகழும் மிகச் சிறு மீளிணைவுகளே ஒளிமுடியைச் சூடாக்குகின்றன என்று கருத்துரைத்தார். அவற்றை நானோசுடர் என்றழைத்தார். சிக்கலை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? கூந்தலிலும் நூலிலும் விழும் சிக்கலே நம் மொழியில் தீர்வு காண வேண்டிய பிரச்சினைக்கும் பெயர். பார்க்கர் சொன்னதன்படி, ஒளிமுடியின் சிக்கலுக்கு விடையும் ஒரு சிக்கலே. பிற மொழியில் இதை விளக்க ஒரு பத்தி வேண்டும். தமிழாசிரியர் ஒரே சொல்லை இரு முறை உச்சரித்தால் போதும். நானோசுடரை விளக்கும்போது பின்னல், முறுக்கு, புரி, முடிச்சு, சிக்கல் என்னும் சொற்களை அஞ்சாது எடுத்தாளுங்கள். கயிறு திரித்த மக்களின் மொழியில் இவ்வியற்பியலுக்குச் சொற்பஞ்சம் இல்லை.

நானோ என்ற முன்னொட்டுப் பற்றி ஒரு சொல். கிரேக்கத்தில் குள்ளனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. அளவியலில் நூறு கோடியில் ஒரு பங்கு, அதாவது பில்லியனில் ஒன்று. மிகப் பெரிய சுடரோடு ஒப்பிட்டால் நானோசுடரின் ஆற்றல் அந்த அளவினது. ஆனால், ஜூல் கணக்கில் அது 1-ஐத் தொடர்ந்து 17 சுழியங்கள். 1961-இல் சோவியத்து ஒன்றியம் வெடித்த, மனிதர் வெடித்தவற்றுள் மிகப் பெரிய அணுகுண்டின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி. ஆதலால் இதனைக் குறுஞ்சுடர் என்றோ நுண்சுடர் என்றோ பெயர்ப்பதை நாம் ஏற்பதில்லை. அளவுப் பெயரை அளவுப் பெயராகவே விட்டுவிட வேண்டும். நுண் என்றால் பிள்ளைகள் பட்டாசை நினைப்பார்கள்.

குள்ளர்கள் கூடி மலையைத் தூக்க முடியுமா என்பது அடுத்த வினா. ஒரு சுடரைவிடப் பத்தில் ஒரு பங்கு ஆற்றலுள்ள சுடர்கள் சரியாகப் பத்து மடங்கு எண்ணிக்கையில் இருந்தால், இரு வகையினரின் மொத்தப் பங்களிப்பும் சமம். பத்து மடங்குக்குக் குறைந்தால், பெரியவையே ஆளும். பத்து மடங்கை மிஞ்சினால், சிறியவை ஒன்றுகூடி ஆளும். இந்த வரம்பை 1991-இல் ஹட்சன் தெளிவாக எடுத்துக்காட்டினார். மொழியியலாருக்கு இது புதிதன்று. ஜிப்ஃப் என்னும் அறிஞர் கண்டபடி, எந்தப் பெருநூலிலும் ஒரு சில சொற்கள் பன்னூறு முறை வரும். பெரும்பாலான சொற்கள் ஓரிரு முறையே தலைகாட்டும். அவர் விதியைக் கணக்கிட்டுப் பார்த்தால் கிடைப்பதும் ஏறத்தாழ அதே சமநிலைதான். சொற்களுக்கும் சுடர்களுக்கும் உறவு உண்டு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கணக்கின் வடிவம் ஒன்று, அவ்வளவே. ஆனால், ஒரு நூலின் சொற்களை எண்ணிப் பார்த்த மாணவருக்குக் கதிரவனின் இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லர்மனின் குண்டு கண்ணால் கண்ட பொருள். பார்க்கரின் நானோசுடர் கருத்தால் கண்ட பொருள். தனித்தனி நானோசுடர்களைப் பிரித்துக் காண்பது கருவிகளுக்கு மிகக் கடினம். 2012-இல் ஏவூர்தியொன்றில் சென்ற ஹை-சி என்னும் தொலைநோக்கி ஐந்து நிமிடமளவு ஒளிமுடியைப் படம்பிடித்து, பின்னிக்கிடந்த காந்த இழைகளைக் காட்டியது. அது பார்க்கரின் கருத்துக்கு வலுச் சேர்த்தது. எனினும், ஒளிமுடி முழுவதற்கும் வேண்டிய வெப்பத்தை நானோசுடர்களே தருகின்றனவா, காந்த அலைகளும் பங்கேற்கின்றனவா என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. பாடநூலில் ‘நானோசுடர்கள் ஒளிமுடியைச் சூடாக்குகின்றன’ என்று எழுதுவதற்கும், ‘சூடாக்குவதாகக் கருதப்படுகிறது’ என்று எழுதுவதற்கும் உள்ள தொலைவு, ஹீலியத்துக்கும் கொரோனியத்துக்கும் உள்ள தொலைவு. தமிழின் செயப்பாட்டு வினை சில நேரங்களில் வேண்டாத சுமை. இங்கு அது நேர்மையின் கருவி.

இறுதியாக, பாசறைத் தீ. 2020 பிப்ரவரியில் ஏவப்பட்ட சோலார் ஆர்பிட்டர் விண்கலம், அவ்வாண்டு மே 30-ஆம் நாள், கதிரவனிலிருந்து 77 மில்லியன் கிலோமீட்டர் தொலைவில், அதாவது புவிக்கும் கதிரவனுக்கும் இடைப்பட்ட தொலைவில் ஏறத்தாழப் பாதியில் இருந்து படங்களை எடுத்தது. அமைதியாகத் தோன்றிய பகுதிகளிலும் எங்கு பார்த்தாலும் ஒளிப்புள்ளிகள் மின்னின. 400 முதல் 4,000 கிலோமீட்டர் வரை நீளம். 10 முதல் 200 நொடி வரை ஆயுள். ஒளிக்கோளத்துக்கு மேல் 1,000 முதல் 5,000 கிலோமீட்டர் உயரம். ஒரு மில்லியன் பாகையைத் தாண்டிய வெப்பம். நம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் நீளம் 700 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் பாதிக்கு மேற்பட்ட நீளமுள்ளது மிகச் சிறிய புள்ளி. பெல்ஜிய அறிஞர் டேவிட் பெர்க்மன்ஸ் தலைமையிலான குழுவினர் இவற்றைச் சாரணர் இயக்கப் பிள்ளைகள் இரவில் மூட்டும் தீயின் பெயரால் அழைத்தனர். மலாயில் அது உங்குன் ஆப்பி.

தமிழில் என்ன சொல்வது? பாசறைத் தீ, முகாம் தீ என்பன சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. பாசறை என்றால் நமக்குப் போர்க்களம் நினைவுக்கு வரும். முல்லைப்பாட்டின் அரசன் உறங்காதிருந்த இடம் அது. குளிர்காய மூட்டும் தீக்குக் கணப்பு என்று அழகான பெயர் உண்டு. நெடுநல்வாடையிலும் கூதிர்க்காலத்தில் நெருப்பு இட்டுக் காயும் தடவு பேசப்படுகிறது. கணப்பு என்ற சொல்லின் மேல் நமக்கும் ஆசை உண்டு. ஆயினும் அதனைப் பரிந்துரைக்க மனம் ஒப்பவில்லை. கணப்பு என்பது பயனுவமம். சூடு தருவதற்கென்றே மூட்டுவது கணப்பு. இந்த ஒளிப்புள்ளிகள் ஒளிமுடிக்குச் சூடு தருகின்றனவா, எவ்வளவு தருகின்றன என்பதே ஆய்வுக்குரிய வினா. பெயரிலேயே விடையை எழுதிவிட்டால் வினா எங்கே நிற்கும்?

வேறொன்றும் உண்டு. தீ எதுவும் அங்கு எரியவில்லை. எரிதல் என்பது உயிர்வளியோடு கூடும் வேதிவினை. கதிரவனில் அது நிகழ்வதில்லை. கதிரவன் எரிகிறது என்று பேச்சில் சொல்வதைத் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டாம். கலைச்சொல்லிலாவது தீயைத் தவிர்க்கலாம். ஆகவே, சுடர்ப்பொறி என்று சொல்லலாமே என்பது நம் கருத்து. பெருஞ்சுடரோடு இனமானது, சிறியது, தோன்றி மறைவது என்னும் மூன்றும் அதில் அடங்கும். சூடு தருகிறது என்ற கூற்று அடங்காது. பொறி என்ற சொல்லுக்கு இயந்திரம், புலன், முத்திரை எனப் பல பொருள் உண்டு என்று தடை கூறுவோர் இருக்கலாம். சுடரோடு சேர்ந்து வரும்போது அந்த மயக்கம் எழாது.

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் இச்சொற்கள் வெறும் அகராதிக்கான சொற்கள் அல்ல. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டு, 2009-இல் அக்கொள்கை கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, பின்னர் 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்ததை நீங்கள் அறிவீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும், ‘தமிழில் அறிவியலுக்குச் சொல் இருக்கிறதா?’ என்ற கேள்வி பெற்றோரால் எழுப்பப்பட்டது. அக்கேள்விக்கு மேடையில் விடை சொல்லிப் பயனில்லை. நாலாம் ஆண்டுப் பிள்ளை கதிரவனைப் பற்றிக் கேட்கும் அடுத்த வினாவில்தான் விடை இருக்கிறது. அப்பிள்ளை படிவம் ஒன்றுக்குச் சென்றதும் மலாயில் படிக்கப் போகிறது. பின்னர் ஆங்கிலத்தில் தேடப் போகிறது. ஆதலால் தமிழ்ப் பெயரோடு உலக வழக்குப் பெயரையும் தமிழ் எழுத்தில் ஒரு முறையேனும் சொல்லிக்கொடுப்பது நல்லது. சுடர்ப்பொறியை ஆய்வாளர்கள் பாசறைத் தீ என்ற பொருளில் அழைக்கின்றனர் என்று சொல்லி, ஏன் அப்படி அழைத்தார்கள், அது பொருத்தமா என்று வகுப்பையே கேட்கலாம். அரைமணி நேரப் பாடத்தில் இயற்பியலும் உவமவியலும் ஒருங்கே நடந்துவிடும்.

சோலார் ஆர்பிட்டர் இன்னும் பணியில் இருக்கிறது. 2023-இல் அதன் படங்களைக் கொண்டு, நானோவிலும் ஆயிரத்தில் ஒரு பங்கான பைக்கோ அளவுப் பீறல்களைச் சிட்டா என்னும் இந்திய ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்தனர். இவை ஒளிமுடியில் இருண்டு தோன்றும் துளைப்பகுதிகளில் நொடிக்கு 100 கிலோமீட்டர் அளவு விரைவில் பாய்கின்றன. கதிரவக் காற்றுக்கு ஊற்றாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. அவற்றுக்கு நாம் இன்னும் தமிழ்ப் பெயர் இடவில்லை. பைக்கோ பீறல் என்பது தற்காலிகமாகக் கைக்கு வந்த சொல். சுடர்ப்பொறியைவிட நல்ல சொல்லும், பைக்கோ பீறலுக்கு மாற்றும் உடையவர்கள் தேநீர் இடைவேளைக்குப் பின் நடக்கும் கலந்துரையாடலில் எழுந்து சொல்லுமாறு வேண்டுகிறோம்.